ஒரு சாண் திறப்பு

ஒரு விடுகதை போடுகிறேன். பதில் தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருங்கள். கதவைத் தட்டாமல் வரும். யாரும் கேட்காமலே போர்வை போர்த்தும். வெயில் எட்டிப் பார்த்தால் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். போர்த்திக்கொண்டது மட்டும் எழுந்திருக்காது. அது என்ன? இதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து, காலை ஆறே முக்கால் மணிக்கு அம்மாவிடம் போட்டவள் வர்ணிகா. ஒன்பது வயது. இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, காலில் அவளுடைய அப்பாவின் பழைய ரப்பர் பூட்ஸ், அதற்குள் செய்தித்தாள் திணித்தது. அவள் அம்மா யோகமணிக்குப் பதில் தெரியும். குந்தா மலைப் பக்கம் ஜனவரி மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். உறைபனி. வாயில் வந்துவிட்ட சொல்லை யோகமணி சொல்லவில்லை. நாற்றுத் தட்டின் மேல் போர்த்தியிருந்த சாக்கைத் தூக்கிக்கொண்டிருந்தவள் தூக்கிய கையோடு நின்றுவிட்டாள். சாக்கு அட்டை மாதிரி விறைத்திருந்தது. எழுந்திருக்காது என்று ஏன் சொல்கிறது இந்தப் பிள்ளை. எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லவில்லை, எழுந்திருக்காது என்றுதான் சொன்னது, செடியைத்தான் சொன்னது, விடுகதையில் இருப்பதைத்தான் சொன்னது. “என்னம்மா, தெரியலையா?” “தெரியல.” “பொய் சொல்ற.” “கையில வேல இருக்குல்ல, அந்தச் சாக்க மடிச்சு ஓரமா வை, நாத்து மேல உரசாம.” பிள்ளை மடித்தது. மடிக்கும்போது சாக்கிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. வெளியில் எல்லாம் வெள்ளை. நாற்றுக் கொட்டகையின் பிளாஸ்டிக் கூரைக்கு மேலே வெள்ளை, துணி காயப்போடும் கயிற்றில் வெள்ளை, நேற்றுப் போட்ட சாணத்தின் மேல்கூட வெள்ளை. வீட்டுக் கூரையில் மட்டும் ஓரிடத்தில் கறுப்பாக ஈரம் தெரிந்தது, அடுப்புக்கு மேலே. உள்ளே நாகேஸ்வரி மதினி வெந்நீர் வைக்கிறாள். பிள்ளையின் துணிகளை நேற்றே ஒரு பையில் மடித்து வைத்துவிட்டாள். ஏழே முக்காலுக்கு மேட்டுப்பாளையம் பஸ்.

மதினி கெட்டவள் இல்லை. அதுதான் சிரமம். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு அனுப்பிவிடலாம். புருஷன் சிவனேசனின் அக்கா அவள், தம்பி செத்த அன்றைக்கு வந்தவள் முப்பதாம் நாள் வரைக்கும் இந்த வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். நேற்று சாயங்காலம் கொட்டகை வாசலில் நின்று சால்வைக்குள் கையை மடக்கிக்கொண்டு பார்த்தாள். “யோகம், நாத்துக்குச் சாக்குப் போத்துற, தாளு போத்துற, நடுவுல வெந்நி டப்பா வேற வைக்கிற. பிள்ளைக்கு என்ன போத்துவ?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிள்ளைக்கு இந்த வருஷமும் இருமல் விடவில்லை. அங்கே சமவெளி, வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம், மதினியின் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், ஓர் அறை சும்மா கிடக்கிறது. “நான் இழுத்துட்டுப் போக மாட்டேன். அவ வாயால வரேன்னு சொன்னாக் கூட்டிட்டுப் போறேன். சொல்லலையா, வந்த வழியே போறேன். நீயும் அவள ஒண்ணும் சொல்லிக் குடுக்காத.” சரி என்று யோகமணி சொன்னாள். பிள்ளை ராத்திரி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. விடிந்தும் சொல்லவில்லை. விடுகதை போடுகிறது. ஏழே முக்காலுக்கு இன்னும் ஒரு மணி நேரம், அதற்கு முன்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது, வெயில். எதிர்மலையின் உச்சியில் கற்பூரத் தைல மரங்களின் தலையில் வெயில் பட்டாகிவிட்டது. அங்கிருந்து அது கீழே இறங்கும். கற்பூரக் காடு, பிறகு தேயிலை, பிறகு வெள்ளையடித்த பம்ப் ரூம், பிறகு ஓடை. ஓடையைத் தாண்டிவிட்டால் இந்தப் பக்கம் ஏற ஆரம்பிக்கும், பத்து நிமிஷத்தில் கொட்டகை. பனி பிடித்த இலையில் வெயில் நேரே படக்கூடாது. பட்டால் பத்து மணிக்குள் இலை வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும், சாயங்காலம் கறுத்துவிடும். அதற்கு முன்பு ஊற்றுத் தண்ணீரைப் பூவாளியில் பிடித்து ஒவ்வொரு தட்டாக நனைத்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். தொட்டித் தண்ணீர் கூடாது, தொட்டியில் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். ஊற்றுத் தண்ணீர் இந்த நேரத்தில் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும், ஆவி பறக்கும். இதெல்லாம் சிவனேசன் சொல்லிக் கொடுத்தது. அவனுக்கு அவசரமே கிடையாது. பூவாளியை இலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் பிடி, கிட்டே பிடித்தால் மண் பெயரும் என்பான். மழை எங்கேயாவது தலையில் முட்டிக்கொண்டு பெய்யுமா என்று கேட்பான். அவள் ஒரு முழம் உயரத்தில் பிடித்தாள். மரத்தக்காளி நாற்றுகள், நாலு இலை விட்டவை, இலை ஓரத்தில் உப்பு பூத்த மாதிரி பனி. தண்ணீர் பட்டதும் உப்பு காணாமல் போனது. முதல் வரிசை. இன்னும் ஏழு வரிசை.

அவளுக்குக் கொட்டகைக்குள் வந்தால் கால் தானாகவே ஓரிடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். மூன்றாவது வரிசைக்கும் நாலாவது வரிசைக்கும் நடுவில், கம்பம் நிற்கிற இடத்தில். அங்கே தரையில் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே கரி போட்ட கணப்புச் சட்டி இருந்தது, அதற்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் அவன் உட்கார்ந்திருந்தான், கம்பத்தில் தலையைச் சாய்த்து, மடியில் ஒரு தட்டு நாற்று, கன்னம் சிவந்து. செத்தவன் முகம் வெளுத்திருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். சிவந்திருந்தது, நன்றாகத் தூங்கி எழப்போகிறவன் மாதிரி. கரியின் புகை அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற புகைகூட இல்லையாம், மணமும் இல்லையாம். அப்புறம் எல்லோரும் அதையே சொன்னார்கள், கரிப்புகை, கரிப்புகை, இந்தப் பனியில் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை, கணப்பை உள்ளே வைத்து உறங்கிவிடுகிறார்கள் என்றார்கள். கேட்காதவன் இல்லை அவன். அவனுக்குத் தெரியும். கணப்பு வைத்தால் வாசல் பிளாஸ்டிக்கை முழுக்க இறக்க மாட்டான், கீழே ஒரு சாண் விடுவான். கையை விரித்துத் தரையில் ஊன்றி அளப்பான். “நாத்துக்கும் மூச்சு விடணும்ல” என்பான். ஒரு சாணும் விட்டிருந்தான் அன்றைக்கு. அது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. வாசல் எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏனென்றால் அவர்கள் வந்தபோது வாசல் திறந்து கிடந்தது, அவள்தான் திறந்திருந்தாள், கல்லை அவள்தான் எடுத்திருந்தாள். கல் என்றால் பாதியாக உடைந்த அம்மிக் குழவி, காற்றில் பிளாஸ்டிக் தூக்காமல் இருக்க வைப்பது. இப்போதும் அதுதான் வாசலில் கிடக்கிறது. நேற்றும் அதைத்தான் வைத்தாள். தூக்கி ஓடையில் எறிந்துவிடலாம் என்று எத்தனை நாள் கையில் எடுத்திருக்கிறாள். எறிந்தால் ஏன் எறிந்தாய் என்று யாராவது கேட்பார்கள் என்று தோன்றும். யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு குழவித் துண்டை யார் தேடப்போகிறார்கள். ஆனாலும் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவாள்.

பம்ப் ரூமுக்கு மேலே தேயிலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளாக ஒரு கோடு, அதற்கு மேலே பச்சை, கீழே வெள்ளை. அவள் ஊற்றுக்குப் போய் பூவாளியை நிரப்பிக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் குளிர், இதைவிட அதிகம், ஏனென்றால் காற்றே இல்லை, நட்சத்திரம் அத்தனையும் கிட்டே வந்து நின்றது. அவனுக்கு அந்த வாரம் தேயிலை ஃபாக்டரியில் ராத்திரி வேலை, பத்து மணிக்குப் போக வேண்டும். அவள் ஒன்பதுக்கே படுத்துவிட்டாள். பத்தேகாலுக்கு எழுந்து வெளியே வந்தாள், எதற்கு வந்தாள், பின்பக்கம் போக வந்தாள், அவ்வளவுதான். கொட்டகையைப் பார்த்தாள். வாசலுக்குக் கீழே கறுப்பாக ஒரு திறப்பு. இந்த மனுஷன் வேலைக்குப் போகிற அவசரத்தில் மூடாமல் போய்விட்டார் என்று நினைத்தாள். கணப்பு வைத்தது அவளுக்குத் தெரியாதா. தெரியும். கணப்பு இருந்தால் ஒரு சாண் விடுவான் என்றும் தெரியும். அப்படியென்றால் ஏன் மூடினாள். கணப்பு இந்நேரம் அணைந்திருக்கும் என்று நினைத்தாள். அணைந்த பிறகு திறந்திருந்தால் குளிர்தான் உள்ளே போகும் என்று நினைத்தாள். அதை நினைத்தாளா, இல்லை பிறகு இந்த இரண்டு வருஷத்தில் நினைத்து நினைத்து அப்போது நினைத்ததாக ஆக்கிக்கொண்டாளா, அது அவளுக்கே இப்போது பிடிபடவில்லை. குனிந்து பிளாஸ்டிக்கை இழுத்துவிட்டாள், குழவியைத் தூக்கி மேலே வைத்தாள். குழவி விரலில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது. வீட்டுக்குள் ஓடி வந்து போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டாள். நன்றாகத் தூங்கினாள். அதுதான். நன்றாகத் தூங்கினாள். காலையில் ஒரு நாற்றுகூடக் கருகவில்லை. அந்த வருஷம் இந்தப் பள்ளத்தில் எல்லோருக்கும் நாற்று போனது, அவளுக்கு மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. இப்போது கணப்பே வைப்பதில்லை. டப்பாக்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, தண்ணீர் நிரப்பிப் பகலில் வெயிலில் வைத்து, சாயங்காலம் அதோடு வெந்நீரும் கலந்து தட்டுகளுக்கு நடுவில் வைக்கிறாள். மேல்வீட்டுச் சுப்புராஜ் அண்ணன் சாலையில் நின்று “என்ன யோகமணி, நாத்தெல்லாம் குளிச்சிட்டுப் படுத்துச்சா?” என்று கேட்பார். சிரித்துக்கொள்வாள். வருஷா வருஷம் ஓரத்து வரிசை இரண்டு கருகும். கருகட்டும் என்று இருக்கும். கருகினால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கும்.

“அம்மா.” பிள்ளை நாலாவது வரிசையின் சாக்கை எடுத்துக்கொண்டிருந்தது. கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது, அந்த இடத்தில்தான் நின்றது. அதற்கு அந்த இடத்தைச் சுற்றிப் போகத் தெரியவில்லை. “நான் போகல.” யோகமணி தண்ணீரை நிறுத்தவில்லை. பூவாளி ஒரு முழத்தில் இருந்து கொஞ்சம் இறங்கியது, மண் பெயர்ந்தது, உயர்த்திக்கொண்டாள். போகவில்லை. போகவில்லை என்கிறது. மதினியின் வெந்நீர், மதினியின் பை, மேட்டுப்பாளையத்து அறை, எதுவும் வேண்டாம் என்கிறது. “ஏன், அத்த வீட்டுல மெத்த இருக்கு, ஃபேன் போட்டுத் தூங்கலாம்” என்றாள், பிள்ளை இன்னொரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும் என்று. “வேணாம். நான் போயிட்டா உனக்குச் சாக்கு யாரு எடுப்பா?” “நானே எடுத்துக்குவேன்.” “ஒத்தையா எடுத்தா வெயில் வந்துரும். அப்பா இருந்தா அப்பா எடுப்பாரு. அப்பா என்னாலதான இல்ல. அதுனால நான்தான் எடுக்கணும்.” சொல்லிவிட்டுச் சாக்கை மடித்தது. நாலாக மடித்து, ஓரம் சேர்த்துத் தட்டி, அடுக்கின் மேல் வைத்தது. யோகமணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, “யாரு சொன்னா உனக்கு அப்படி?” “யாரும் சொல்லல. எனக்கே தெரியும்.” பள்ளிக்கூடத்தில் டீச்சர் கொடுத்த காசித்தும்பை விதையைத் தான் ஒரு தட்டில் போட்டிருந்ததையும், அது முளைத்திருந்ததையும், அன்றைக்குச் சோறு தின்னும்போது அப்பாவிடம் என் பூவுக்குக் குளிருமே, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று கேட்டதையும் பிள்ளை சொன்னது. அப்பா எப்போதும் கணப்பை வைத்துவிட்டு வந்துவிடுவார், அன்றைக்கு மட்டும் உட்கார்ந்தார். “அப்புறம் நல்லா மூடிக்கங்கப்பான்னு சொன்னேன். அவரு தொறந்துதான வைப்பாரு. நான் சொன்னேன்னு மூடிட்டாரு. அதான்.” கணக்குப் போட்டு விடையைச் சொல்கிற குரலில் சொன்னது. அழவில்லை. எத்தனை நாளாக இந்த விடை இதன் கையில் இருக்கிறது. ஏழு வயசிலிருந்து இருக்கிறது. மடியில் இருந்த தட்டு காசித்தும்பைதான். அந்தச் செடிகளை அவள்தான் பிறகு வாசலில் நட்டாள், மே மாதம் ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளியது. பிள்ளை ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. பூ பிடிக்கவில்லை போல என்று நினைத்தாள். நினைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். வெயில் பம்ப் ரூமின் கூரையில் பட்டது, தகரம் பளிச்சென்று அடித்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பிள்ளை போகாது. நாளைக்கும் சாக்கு மடிக்கும், அடுத்த வருஷமும் மடிக்கும், பத்து வயசு, பதினொன்று, பதினைந்து, கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும், இந்த வீட்டில் இரண்டு தட்டில் சோறு இருக்கும். அப்படியெல்லாம் இல்லடி கண்ணு, உன்னால இல்ல, புகையால என்று சொல்லலாம். சொன்னாள். “உன்னால இல்ல வர்ணி. புகையால.” “மூடுனதாலதான புகை?” என்று பிள்ளை கேட்டது. அவ்வளவுதான், அந்த வழி அங்கேயே முடிந்துவிட்டது. மூடினதால்தான் புகை. மூடினதால்தான். மூடியது அப்பா இல்லை என்று ஒரு வார்த்தை போதும், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அப்போது யார் என்று இருக்கிறது. சொன்னால் பிள்ளை அத்தையிடம் சொல்லும். அவன் மதினி தூக்கி வளர்த்த தம்பி. மதினி கத்த மாட்டாள், கத்துகிறவள் இல்லை, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு அப்படியே பார்ப்பாள். அதைவிட, பிள்ளை பார்ப்பது. இப்போது பார்க்கிற மாதிரி இனி ஒருநாளும் பார்க்காது. இந்த அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள், இந்த அம்மா குல்லாவைச் சரிசெய்கிறாள் என்று இருப்பது போய், இந்த அம்மா கல்லை வைத்தாள் என்று ஆகிவிடும். இறக்கி வைக்கத்தான் சொல்கிறாயா, உன் பாரத்தை ஒரு ஒன்பது வயசுப் பிள்ளை தலையில் இறக்கி வைக்கவா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, நல்ல குரல், நியாயமான குரல், இரண்டு வருஷமாக அதுதான் பேசுகிறது. ஆனால் பிள்ளையின் தலையில் ஏற்கெனவே இருக்கிறது. அது யாருடையது. பூட்ஸுக்குள் திணித்த தாள் வெளியே எட்டிப் பார்த்தது. வெயில் ஓடையைத் தொட்டது. ஓடையிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. இன்னும் இரண்டு வரிசை. கை தானாக ஊற்றிக்கொண்டிருந்தது, ஒரு முழம், ஒரு முழம்.

“அப்பா மூடல” என்றாள் யோகமணி. பூவாளியைக் கீழே வைத்தாள். “நீ சொன்னதுக்குச் சரின்னு தலையாட்டிருப்பாரு. ஆனா மூடல. ஒரு சாண் விட்டுத்தான் வச்சிருந்தாரு. நான் பாத்தேன். அவரு வேலைக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன். நான்தான் இழுத்து மூடுனேன்.” பிள்ளை கம்பத்திலிருந்து கையை எடுத்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தது, பிறகு அம்மாவை. “கல்ல வச்சியா?” “வச்சேன்.” “இந்தக் கல்லா?” “ஆமா.” “உள்ள எட்டிப் பாக்கலையா?” “பாக்கல.” “ஏன்?” இந்தக் கேள்விக்கு இரண்டு வருஷமாக அவள் எத்தனையோ பதில் செய்து வைத்திருந்தாள். “குளிருச்சு” என்றாள். கூரையின் உள்பக்கம் உறைந்திருந்த துளிகள் ஒவ்வொன்றாக இளகத் தொடங்கின. ஒரு துளி யோகமணியின் கழுத்தில் விழுந்தது. ஒன்று பிள்ளையின் குல்லாவில் விழுந்தது. வெயில் இந்தப் பக்கம் ஏறிவிட்டது, கீழ்ப் படியில் நிற்கிற முள்வேலிக் கம்பி மின்னியது. “அம்மா, வெயிலு” என்றது பிள்ளை. குனிந்து பூவாளியை எடுத்தது. கனத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. ஏழாவது வரிசையை நனைத்தது. பிறகு எட்டாவது. எட்டாவதின் கடைசித் தட்டுக்கு வருமுன் தண்ணீர் தீர்ந்தது. அதற்குள் வெயில் கொட்டகைக்குள் வந்துவிட்டது, எல்லாம் ஒரே வெளிச்சமாகி, எதிரில் நிற்பவரின் முகம் தெரியவில்லை.

“என்ன, அம்மாவும் மகளும் இன்னும் குளிப்பாட்டி முடிக்கலையா?” நாகேஸ்வரி வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு கையில் பை, ஒரு கையில் பிள்ளைக்குப் பால் டம்ளர். காலில் தடுக்கிய குழவியை ஓரமாகத் தள்ளிவிட்டாள். “இது எதுக்கு நடு வாசல்ல. ஆள் விழவா. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. என்னடி சொல்ற? வர்றியா, இல்ல உங்கம்மாவோட இங்கயே வெறச்சிட்டுக் கெடக்கியா?” யோகமணி கடைசித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பனி இன்னும் இருந்தது, வெயிலில் மின்னியது.

வர்ணிகா பூவாளியைக் கவிழ்த்து வைத்தாள். பாலைக் குடித்தாள். பூட்ஸைக் கழற்றி, தாள்களை எடுத்துவிட்டு, ஜோடியாக வாசலில் வைத்தாள். விடுகதைக்குப் பதில் உறைபனி என்று அம்மாவிடம் சொன்னாள். அத்தையோடு போவதாகச் சொன்னாள். ஏழே முக்கால் பஸ்ஸில் போனாள்.